ஏலக்காட்டு மருந்தும் கர்ப்பமும்: வாடை போனால் போதுமா?

கூடலூர்க்காரன்:
கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம்னு நம்ம பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியா கேரளத்து வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலக்காடுகளுக்குப் போறாங்க. தோட்டத்துல பழக்கம் இதுதான்: ஒரு பெண் கர்ப்பம்னு சொன்னா பூச்சிமருந்து அடிக்கிற அன்னிக்கு அந்தப் பக்கம் விடமாட்டாங்க. மறுநாள் அதே செடியில காய் எடுக்க விட்டுடுவாங்க. ‘வாடைதான் போயிடுச்சே, இனி என்ன’ன்னு பேச்சு. இது சரியா? மருந்து டப்பாவுல பச்சை முக்கோணம் இருந்தா பயமே இல்லைன்னு கடையில சொல்றது எவ்வளவு தூரம் உண்மை? விஷயம் தெரிஞ்சவங்க அளவோட, காரணத்தோட சொல்லுங்க. ‘இயற்கை விவசாயத்துக்கு மாறுங்க’ங்கிற பதில் வேண்டாம், அது கூலிக்குப் போறவங்க கையில இல்ல.

பயிர்க்காவல்:
வாடையை நம்பினா ஏமாந்துதான் போவோம். ஏலத்துக்கு அடிக்கிற குயினால்பாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து. 25 ஈ.சி. (தண்ணீரில் குழம்பாகும் செறிவு) என்றால் நூற்றில் 25 பங்குதான் மருந்து. மீதி பெரும்பாலும் கரைப்பானும் குழம்பாக்கியும். மூக்கில் ஏறுகிற நெடியில் பெரும்பங்கு அந்தக் கரைப்பானுடையது. அது சீக்கிரம் ஆவியாகிவிடும். மருந்து இலையிலும், காய் பிடிக்கிற சரத்திலும் அப்படியே படிந்திருக்கும்.

ஏலத்தில் இது கூடுதல் சிக்கல். இலைப்பேனுக்கும் துளைப்பான் புழுவுக்கும் அடிக்கும்போது தூரையும் சரத்தையும் குறிவைத்துத்தான் அடிக்கிறோம். காய் எடுக்கிற பெண் குத்தவைத்து உட்கார்ந்து கைவிடுவதும் அதே சரத்துக்குள்தான். தலைக்கு மேலே தட்டையும் இலையும், காலையில் பனி, ஜூன் முதல் ஓயாத சாரல். இலையில் காய்ந்து கிடந்த மருந்து ஈரத்தில் இளகி முன்கை, தொடை, வயிறு, பின்கழுத்து எல்லாம் நனைக்கும். நனைந்த ரவிக்கையும் சேலையும் மாலை வரை உடம்போடு ஒட்டியே இருக்கும். அதே வகைப் பூச்சிமருந்தான பாரத்தியானை மனிதத் தோலில் வைத்துச் செய்த பழைய அளவீடு ஒன்று உண்டு: முன்கையில் தடவியதில் 8.6 சதவீதம் உள்ளே போனது, வயிற்றில் 18, தலைத்தோலில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64. மருந்தடிப்பவருக்கு மூச்சுவழியும் முக்கியம். காய் எடுப்பவருக்கு முக்கியமான வழி தோல்தான். அதனால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கையை வெறுமனே விடுவதில் பெரிய பயன் இல்லை.

அளவு: 0.05 சதவீதம் வேண்டுமானால் லிட்டருக்கு 2 மில்லி, 200 லிட்டர் டிரம்முக்கு 400 மில்லி. நடைமுறையில் அதோடு பைரித்ராய்டு என்ற வேறு வகைப் பூச்சிமருந்தையும் சேர்த்து ‘கூட்டு’ போடுகிறார்கள். பைரித்ராய்டை உடம்பில் உடைக்கிற கார்பாக்சிலெஸ்டரேஸ் நொதியை ஆர்கனோபாஸ்பேட் முடக்கிவிடும். ஆகவே கூட்டு மருந்தின் சுமை இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதைவிட அதிகம்.

முக்கோணத்துக்கு வருகிறேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது ஒரே மூச்சில் குடித்தாலோ தோலில் பட்டாலோ எவ்வளவில் உயிர் போகும் என்ற கணக்கு. வாய்வழி அளவு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. கருவை என்ன செய்யும், தைராய்டை என்ன செய்யும் என்று அந்த நிறம் சொல்லவே சொல்லாது. மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி 5000-க்கு மேல், ஆகவே பச்சை. அதே மேன்கோசெப்பை இனப்பெருக்கத்துக்கு நஞ்சு, ஹார்மோனைக் கலைப்பது என்று சொல்லித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. கர்ப்பிணி விஷயத்தில் பச்சை முக்கோணத்தைக் காட்டி ஆறுதல் சொல்பவருக்குத் தன் சரக்கு தெரியவில்லை என்று அர்த்தம்.

தாய்சேய் சிஸ்டர்:
கூடலூர்க்காரன் அண்ணே, ‘கர்ப்பம்னு சொன்னா’ன்னு எழுதியிருக்கீங்களே, ஓட்டை அங்கதான் இருக்கு.

கடைசியா தலைக்குக் குளிச்ச முதல் நாள்ல இருந்து எண்ணினா, அஞ்சாம் வாரத்துல இருந்து பத்தாம் வாரம் வரை பிள்ளைக்கு இதயம், கை, கால், உதடு, அண்ணம் எல்லாம் உருவாகிற காலம். மூளையும் தண்டுவடமும் ஆகப்போற குழல் கரு தரிச்சு 28 நாளுக்குள்ள மூடிடும். கரு தரிச்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் நாள் தள்ளிப்போனதே தெரியும். தெரிஞ்சாலும் ‘மூணு மாசம் தாண்டட்டும்’னு யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. சொன்னா மறுநாள் ஜீப்ல இடம் கிடைக்காதுங்கிற பயம் வேற. ஆக மேஸ்திரி காதுக்கு வர்றப்போ அந்தக் கட்டம் முடிஞ்சே போயிருக்கும். மூளை வளர்ச்சி கடைசி மாசம் வரைக்கும் நடக்கிறதால அதுக்கப்புறம் பாதுகாப்பு வேண்டாம்னு அர்த்தம் இல்ல. ஆனா கர்ப்பிணிக்குன்னு தனியா ஒரு விதி போட்டா அது எப்பவும் பிந்தித்தான் வரும். காட்டுக்குள்ள இறங்குற எல்லாப் பெண்ணுக்கும், கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும், ஒரே விதி இருக்கணும்.

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினம் ஒண்ணு, பிள்ளை வேணும்னு நினைக்கிற மாசத்துல இருந்தே. துணை சுகாதார நிலையத்துல கேட்டா கிடைக்கும். அது குழல் மூடாம போற குறையைக் குறைக்கும். பூச்சிமருந்து விஷத்துக்கு முறிவுன்னு நினைச்சுடாதீங்க.

வண்டன்மேடு மேஸ்திரி:
சிஸ்டர் சொல்றது நியாயம். ஆனா தோட்டத்து நிலவரத்தையும் பாருங்க. இப்படிப் பேசிப் பேசி ‘பொம்பளையே வேண்டாம், வங்காளி ஆளை எடு’ன்னு முதலாளி முடிவு பண்ணிடுவாரு. கம்பத்துல அத்தனை வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிடும். மருந்தடிச்சிட்டு மூணு நாள் காட்டைச் சும்மா போடவும் முடியாது, காய் பழுத்து வெடிச்சிடும். கையுறை கொடுத்தாலும் மாட்டமாட்டாங்க. விரல்ல தொட்டுத்தான் முத்தின காய் எது, இளசு எதுன்னு தெரியும்.

பயிர்க்காவல்:
மேஸ்திரி அண்ணே, காட்டைச் சும்மா போடவே வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். ஒரு பகுதியில் காய் எடுத்து முடித்த பிறகு அந்தப் பகுதியில் அடிக்க வேண்டும். அடுத்த காயெடுப்பு ரவுண்டு அங்கே வர வாரக்கணக்காகும். குழப்பம் எப்போது வருகிறதென்றால், ‘பேன் அதிகமா இருக்கு’ என்று ரவுண்டுக்கு இரண்டு நாள் முன்னால் முழுத் தோட்டத்துக்கும் ஒரே மூச்சில் அடிக்கும்போது. அப்படி எடுத்த காயில் மருந்து எச்சம் ஏறி, ஏற்றுமதிக்குப் போன சரக்கு திரும்பியும் வரும். இந்த ஒரு விஷயத்தில் முதலாளியின் லாபமும் கூலிக்காரரின் உடம்பும் ஒரே பக்கம்.

தோட்டத்தை நாலாகப் பிரித்து, அடித்த பகுதியின் நுழைவில் மருந்தின் பெயர், தேதி, மணி எழுதிய பலகை வையுங்கள். மலையாளத்தில் மட்டும் எழுதினால் நம் பெண்களுக்குப் பயன் இல்லை. தமிழிலும் வேண்டும், கூடவே ஒரு சிவப்புத் துணி. அது எழுத்தறியாதவருக்கும் வடக்கிலிருந்து வந்தவருக்கும் புரியும். திரும்ப இறங்கும் இடைவெளி லேபிளில் இருந்தால் அதுவே கணக்கு. இல்லையென்றால் குறைந்தது 48 மணி நேரம், அதுவும் இலை காய்ந்திருந்தால். அறுவடைக்கு முந்தைய காத்திருப்பு நாள் என்று லேபிளில் வருவது காயைத் தின்பவருக்கான கணக்கு. ஆள் இறங்குவதற்கான கணக்கோடு அதைக் குழப்பக்கூடாது. இன்னொன்று மறந்துபோகும்: கவாத்தும் களையெடுப்பும் காய் எடுப்பதைப் போலவே இலையோடு உரசுகிற வேலைதான். ‘காய்தானே எடுக்கலை’ என்று மறுநாளே கவாத்துக்கு அனுப்புவது வீண் ஏமாற்று.

கையுறை விஷயம் உண்மை. தடித்த ரப்பரில் காய் தெரியாது. துணிக் கையுறையோ வெறுங்கையைவிட மோசம். மருந்தை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலில் வைத்திருக்கும். காய் எடுப்பவருக்கு மெல்லிய நைட்ரில் கையுறை போதும், விரலுணர்வு இருக்கும், தினம் ஒரு ஜோடி, மாலையில் குப்பைக்கு. கூடவே முழங்கை தாண்டுகிற பிளாஸ்டிக் கைச்சட்டை, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை படுதா. மருந்து கலக்குபவர் கதை வேறு. அவர் தொடுவது தண்ணீர் கலக்காத சரக்கு. அவருக்கு 15 மில், அதாவது 0.38 மி.மீ. தடிமன் நைட்ரில் வேண்டும். பலூன் போன்ற லேடக்ஸ் கையுறையை ஈ.சி. கரைப்பான் ஊடுருவிவிடும்.

கூடலூர்க்காரன்:
ரத்தத்துல மருந்து ஏறியிருக்கான்னு கர்ப்பிணிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே? கம்பத்துலயே லேப் இருக்கு.

ஆய்வகத்தான்:
எந்த டெஸ்ட் என்பதைப் பொறுத்தது. நம் ஊர் லேப்களில் எடுக்கக்கூடியது கோலினெஸ்டரேஸ். அது மருந்தை அளக்காது. ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட் வகைப் பூச்சிமருந்தும் முடக்குகிற நொதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். ஆளுக்கு ஆள் இயல்பு அளவு பெரிதும் மாறும், ஆகவே ஒற்றை ரிப்போர்ட்டை அச்சடித்த ‘நார்மல்’ வரம்போடு ஒப்பிடுவதில் பலன் குறைவு. மருந்துப் பருவம் தொடங்குமுன் எடுத்த சொந்த அடிப்படை அளவு வேண்டும். அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் வேலைமுறையைப் பரிசோதி, சிவப்பணுவில் 30 அல்லது சீரத்தில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) 40 சதவீதம் இறங்கினால் மருந்திலிருந்து ஆளை விலக்கு. கலிஃபோர்னியாவில் மருந்து கலக்குவோருக்கு வைத்திருக்கும் முறை இது.

கர்ப்பிணியிடம் இங்கே ஒரு பொறி உண்டு. சீரம் கோலினெஸ்டரேஸ் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலேயே தானாகக் கால் பங்கு வரை குறையும். மருந்தே படாத பெண்ணுக்கும் குறையும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் அழுகை, கருவைக் கலைக்கலாமா என்கிற பேச்சு எல்லாம் வரும். கர்ப்பிணிக்கு எடுப்பதானால் சிவப்பணு கோலினெஸ்டரேஸ். அதுவும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

சிறுநீரில் மருந்தின் சிதைபொருளை அளப்பது ஆராய்ச்சிக் கூடத்து வேலை. சில நாளில் வெளியேறிவிடுவதால் அன்றைய நிலவரம் மட்டுமே தெரியும். கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 1999-ல் தொடங்கிய ஆய்வில் பண்ணைக் கூலிக் குடும்பத்துப் பெண்களின் கர்ப்பகாலச் சிறுநீரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்தார்கள். சிதைபொருள் மிகுந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் அறிவுத்திறன் அளவெண்ணில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கினார்கள். ஒரு கூட்டத்தின் சராசரி அது. தனி ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டிலிருந்து அப்படி எதையும் கணிக்க முடியாது.

மூணாம்தலைமுறை:
இவ்வளவு ஏன், எண்டோசல்ஃபான் தெளிச்ச காசர்கோட்டைப் பார்த்தாலே தெரியாதா? நம்ம பக்கமும் அதே கதிதான் வரப்போகுது. சினைப்பை நீர்க்கட்டி, அதான் பி.சி.ஓ.டி., வீட்டுக்கு ஒண்ணு ஆனதும் இந்த மருந்தாலதான்.

பயிர்க்காவல்:
இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபானை 2000 வரை, இருபது ஆண்டுக்கு மேல் தெளித்தார்கள். அது ஆர்கனோகுளோரின், மண்ணிலும் கொழுப்பிலும் நீண்டநாள் தங்கும். வீடு, கிணறு, ஓடை மேலேயே விழுந்தது. உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுக்க இடைக்காலத் தடை போட்டது, 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. இன்றைக்கு ஏலத்தில் அடிப்பது பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட்டும் பைரித்ராய்டும். தங்குவது குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப, கைக்கெட்டும் தூரத்தில். பாதிப்பின் வடிவம் வேறாக இருக்கும், தடுக்கிற வழியும் வேறு. காசர்கோட்டுப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் ‘இங்க அப்படி யாரும் பிறக்கலையே’ என்று பதில் வந்து பேச்சு முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கேரளம் 2011-ல் தடை செய்த பட்டியலில் மோனோகுரோட்டபாஸ், ஃபியூரடான், ஃபோரேட், பாராகுவாட் எல்லாம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே தேதியில் தடை இல்லாததால் கீழே வாங்கி மேலே கொண்டுபோகிற வழி திறந்தே இருந்தது. லேபிள் கிழித்த கேன் காட்டில் கிடந்தால் அதில் இருந்தது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. மயங்கி விழுந்தவருக்கு டாக்டர் வைத்தியம் பார்ப்பதும் தடுமாறும்.

ஆய்வகத்தான்:
பி.சி.ஓ.டி. பற்றி: அந்தப் பெண்களின் ரத்தத்தில் பிஸ்ஃபினால்-ஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருள் அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டன. ஆனால் ஆண் ஹார்மோன் கூடும்போது கல்லீரல் அந்தப் பொருளை வெளியேற்றும் வேகம் குறையும். நோயால் அளவு கூடியதா, அளவால் நோய் வந்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. முதலில் தைராய்டு, எடை, குடும்ப வரலாறு பாருங்கள்.

பந்தல்:
எல்லாரும் மலை மேலேயே நிக்கிறீங்க. கீழே பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சைப் பந்தலும் இருக்கு. அங்க பாதிப்பு மேலே இருந்து இறங்கும். ஆள் உயரப் பந்தலுக்கு அடியில முகத்தை அண்ணாந்து, கையைத் தூக்கி வெச்சுத்தான் கொத்து சீவுறதும் வெட்டுறதும். இலையில இருந்து உதிர்றது நெற்றி, கண், கழுத்து, அக்குள். பயிர்க்காவல் கொடுத்த சதவீதத்துல மேல இருந்த இடங்கள் எல்லாம் இதுதான். அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் மேன்கோசெப், கார்பென்டாசிம்னு பூஞ்சை மருந்து பருவம் முழுக்க ஓடும். மேன்கோசெப் உடைஞ்சா வர்ற எத்திலீன் தயோயூரியா தைராய்டைத் தொடும். கர்ப்பத்தின் முதல் பாதியில பிள்ளைக்குத் தாயோட தைராய்டுதான் ஆதாரம். கார்பென்டாசிம் செல் பிரியறதையே தடுக்கிற சரக்கு, ஐரோப்பாவுல கருவுக்குக் கேடுன்னு வகைப்படுத்தியாச்சு. ரெண்டுக்குமே பெருசா நெடி கிடையாது. அதனால யாருமே பயப்படுறதில்ல.

அகல விளிம்புத் தொப்பி, கழுத்து மூடுற துணி, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுல ரப்பர் போட்டு இறுக்கறது. கையைத் தூக்கி வேலை செய்றப்போ மருந்து முன்கை வழியா அக்குளுக்கு வழியும், அதனால கையுறையோட வாயை வெளிப்பக்கம் மடிச்சு விடணும். குனிஞ்சு வேலை செய்றவங்க கையுறையைச் சட்டைக் கைக்கு உள்ளே விடணும். பந்தலுக்கும் ஏலத்துக்கும் இது நேர் எதிர்.

கணக்குப்புள்ள:
சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் போட்டுவிடுகிறேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-ல் 18ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மருந்தைக் கையாளுவோருக்குப் பயிற்சி, அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை, தனித்தனி உடல்நலப் பதிவேடு, அதைத் தொழிலாளி கேட்டால் காட்டுவது, கழுவவும் குளிக்கவும் உடை மாற்றவும் இடம், காப்புடை எல்லாம் முதலாளி பொறுப்பு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதை உள்வாங்கிக்கொண்டது. சிக்கல் எங்கே இருந்தது என்றால் பழைய சட்டம் குறைந்தது 5 ஹெக்டேரும் 15 ஆளும் உள்ள தோட்டத்துக்குத்தான் பொருந்தியது. ஏலத்தில் சின்னத் தோட்டங்கள் ஏராளம், அவையெல்லாம் தப்பிவிட்டன.

2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போன மகப்பேறு நலச் சட்டத்தில், பெண் கேட்டுக்கொண்டால் கடின வேலை கொடுக்கக்கூடாது என்ற ஏற்பாடு பிரசவத்துக்கு முந்தைய கடைசிப் பத்து வாரத்தைச் சுற்றித்தான். சிஸ்டர் சொன்னதோ முதல் பத்து வாரம். சுமை தூக்குவதை மனதில் வைத்து எழுதிய விதி அது, நஞ்சை நினைத்து எழுதியதல்ல.

தாய்சேய் சிஸ்டர்:
வீட்டுப் பக்கமும் சொல்லணும். காட்டுத் துணியோட ஜீப்ல வந்து, அப்படியே அடுப்படி, அப்படியே பிள்ளைக்குப் பால். இதை நிறுத்தினாலே ஓரளவு குறையும். எடைபோடுற இடத்துலயே பத்து லிட்டர் கேன் தண்ணியும் சோப்பும் வெக்கச் சொல்லுங்க. வெற்றிலை போடுறதுக்கும் சோத்துல கைவைக்கிறதுக்கும் முன்னாடி முழங்கை வரை கழுவணும். கையுறையைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கழுவணும், இல்லைன்னா கழட்டுற கையில ஏறிடும்.

காட்டுத் துணியைத் தனி வாளியில வாஷிங் சோடா கரைச்ச சுடுதண்ணியில ஊற வெச்சுத் துவைங்க. காரத்துல இந்த ஆர்கனோபாஸ்பேட் சீக்கிரம் சிதையும். அந்தத் தண்ணியில பிள்ளைத் துணியை நனைக்காதீங்க. கலக்காத மருந்து கொட்டின துணியைத் துவைச்சு மீட்கப் பார்க்க வேண்டாம்.

தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீங்க. மார்பை சோப்புப் போட்டுக் கழுவி, ரவிக்கை மாத்திட்டுக் கொடுங்க. பால்ல துளி இருக்குமோன்னு பயந்து அதே ஊத்துத் தண்ணியில பவுடர் பால் கலக்கிக் கொடுக்கிறதுல எந்த லாபமும் இல்ல.

வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண்பாவை ஊசிமுனையாச் சுருங்கினா துணியைக் கழட்டிக் கழுவிட்டு டப்பாவோட ஆஸ்பத்திரிக்கு. கர்ப்பிணிங்கிறதால அட்ரோபின் (விஷமுறிவு ஊசி) போட யாரும் தயங்க வேண்டாம். தாய் பிழைச்சாத்தான் பிள்ளை.

கூடலூர்க்காரன்:
லயத்துல, அதாவது தோட்டத்துக் குடியிருப்புல, விறகடுப்புப் புகையும் சேருமே?

ஆய்வகத்தான்:
சேரும். ஆனால் அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் சேர்ந்து நாலு நாடுகளில் நடந்த சோதனையில் ஒரு பிரிவுக் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு கொடுத்தார்கள். அவர்கள் மூச்சுக்காற்றில் நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம், பழைய அடுப்பிலேயே சமைத்தவர்களுக்குச் சுமார் 70. பிறப்பு எடையில் கூடியது சுமார் 20 கிராம், புள்ளியியல்படி பொருட்படுத்த முடியாத அளவு. தாயின் இருமலுக்கும் கண்ணுக்கும் நல்லது, அந்த அளவில் மாற்றுங்கள்.

வண்டன்மேடு மேஸ்திரி:
வரிசை மாத்துறதைப் பேசிப் பார்க்கிறேன். இன்னொண்ணு: லயத்துக்குத் தண்ணி வர்றது காட்டுக்குக் கீழே இருக்கிற ஊத்துல இருந்து. காலி மருந்துக் கேன்லயும் தண்ணி பிடிச்சு வெக்கிறாங்க. கொதிக்க வெச்சா போதுமா?

ஆய்வகத்தான்:
போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. தண்ணீர் சுண்டினால் செறிவு கூடவும் செய்யும். மெழுகுவத்தி வடிவப் பீங்கான் வடிகட்டியும் மருந்தைப் பிடிக்காது. கிளர்வூட்டிய கரி உள்ள வடிகட்டி பிடிக்கும், கரிக் குழலை உரிய காலத்தில் மாற்றினால். மருந்துக் கேனை எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணீருக்கு வேண்டாம். பிளாஸ்டிக் சுவரில் ஊறியது மெல்ல மெல்ல வெளியே வரும். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அரை நிமிடம் குலுக்கி, மருந்தடி டிரம்மிலேயே கொட்டுங்கள், மூன்று தடவை. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். எரிக்க வேண்டாம்.

ஊற்று நீரைப் பரிசோதிக்க: ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் கூடாது. மருந்தடித்த பிறகு வருகிற முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலை, வாய்வரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் அன்றே லேபுக்கு. கோடையில் எடுத்த தண்ணீர் சுத்தமாக வந்தால் அதை நம்பாதீர்கள். எந்தெந்த மருந்து அடித்தீர்கள் என்ற பட்டியலையும் கூடவே கொடுங்கள். கேட்காத மருந்தை லேப் தேடாது. குளோர்பைரிபாஸுக்கு நம் குடிநீர் தரம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை விடுகிறது, பாட்டில் தண்ணீருக்கோ எந்த மருந்தானாலும் 0.1. ரிப்போர்ட்டில் ‘வரம்புக்குள்’ என்று மட்டும் இருந்தால் எந்த வரம்பு என்று கேட்டு, எண்ணை எழுதி வாங்குங்கள்.